ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிய கதை



"மனிதகுலத்துக்குப் பெரிதும் உதவுவது முன்னோர் அறிவா? இன்றைய ஆய்வா?" என்பது தலைப்பு. ஆய்வே என்ற பக்கத்தில் பேச வந்திருக்கிறேன். மேடை ஏறும்போதே எதிரணித் தலைவர் என் காதோரம் வந்து, "ஐயா, நீங்க தமிழ்ப் பேராசிரியர். இத்தனை வருஷமா பழைய ஏட்டைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குறீங்க. இன்னைக்கு அதை எதிர்த்துப் பேசிட்டு, மாசம் ஒண்ணாந் தேதி என்ன பண்ணுவீங்க?" என்றார். (சிரிப்பு) ஐயா, ஏட்டை எதிர்க்க நான் வரவில்லை. ஏட்டை எப்படி மதிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மையார் கேட்டார்கள். "எல்லா நோய்க்கும் மருந்தைப் பெரியவர்கள் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ஆய்வுக்கூடம் புதிதாக என்ன கிழித்துவிட்டது?" நல்ல கேள்வி. இதற்கு உள்ளூர்க் கதையைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அதனால் உங்களைச் சீன தேசத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கேயும் பழைய ஏடு உண்டு. மூலிகை உண்டு. கஷாயம் உண்டு. "எல்லாம் அதிலேயே இருக்கு" என்று சொல்கிற பெரியவர்களும் உண்டு. (சிரிப்பு)

கதை மலேரியாவைப் பற்றியது. நம் பாட்டிமார் முறைக்காய்ச்சல் என்பார்கள். மாமியார் வீட்டுக்கு வருகிற மருமகன் மாதிரி, நாள் கணக்கு வைத்துக்கொண்டு வரும். வந்தால் நாலு கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டும். இந்தக் கிருமி கொசுவின் வயிற்றுக்குள் வளர்வதை ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் நம் நாட்டில், செகந்திராபாத்தில், 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சரி, எதிரி எந்த வாகனத்தில் வருகிறான் என்று தெரிந்துவிட்டது. அவனை அடிக்க ஆயுதம் வேண்டுமே? சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொய்னா இருந்தது. அப்புறம் குளோரோகுயின் என்ற மாத்திரை வந்தது. மலிவு, சுலபம். மலேரியா ஒழிந்தது என்று உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கிருமி சும்மா இருக்குமா? 1950களின் இறுதியிலேயே தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் அந்த மாத்திரையை விழுங்கினாலும் சாகாத மலேரியாக் கிருமி தலைகாட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து வியட்நாமில் போர். காட்டுக்குள் இருந்த இரு தரப்புப் படையையும் குண்டு ஒருபக்கம் கொன்றது, கொசு ஒருபக்கம் கொன்றது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சலித்துப் பார்த்தார்கள். வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. சீன அரசு 1967ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாம் மாதம், 23ஆம் தேதி. அதனால் அதன் பெயரே "திட்டம் 523". பெயர் வைப்பதற்குக்கூட நேரமில்லாத அவசரம்!

1969 ஜனவரியில் பெய்ஜிங்கில் இருந்த மரபு மருத்துவக் கழகம் ஒன்றுக்கு இந்தப் பொறுப்பில் ஒரு பங்கு வந்தது. அங்கே தலைமை ஏற்கச் சொன்னது ஒரு பெண்மணியை. வயது 38. பெயர் தூ யூயூ.

பெயரைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பெயர் சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பிலிருந்து எடுத்தது. வெட்டவெளியில் புல் மேயும் மான்கள் குரல் கொடுக்குமாம், அந்த ஓசையைத்தான் தந்தை மகளுக்குப் பெயராக வைத்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்க இலக்கியத்தைப் புரட்டும் அப்பாக்கள் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! அந்த அம்மா 1930இல் நிங்போ என்ற ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் காசநோய் வந்து இரண்டு வருடம் படிப்பு நின்றது. படுத்த படுக்கையில்தான் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1955இல் மருந்தியலில் பட்டம் பெற்றார். பிறகு இரண்டரை ஆண்டு சீன மரபு மருத்துவத்தையும் முறையாகக் கற்றார். கவனியுங்கள். ஒரு கையில் ஆய்வுக்கூடம், மறு கையில் ஏடு. இரண்டையும் படித்தவர்.

அது சீனாவில் கலாச்சாரப் புரட்சி நடந்த காலம். படித்தவன் என்றாலே சந்தேகம். அவருடைய கணவரை ஊருக்கு வெளியே உடல் உழைப்புக்கு அனுப்பியிருந்தார்கள். இவரோ தெற்கே ஹைனான் தீவுக்குப் போய் மலேரியா நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மூத்த மகளுக்கு நாலு வயது. அவளைத் தங்கும் பாலர் பள்ளியில் விட்டார். சின்னவளை நிங்போவில் பாட்டி வீட்டில் விட்டார். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்து நின்றபோது பெற்ற பிள்ளைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த ஒரு நொடியை நான் விளக்க வேண்டியதில்லை. ஹைனானில் அவர் பார்த்ததும் குழந்தைகளைத்தான். மலேரியா முற்றி, கண் முன்னே போன குழந்தைகள்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். தூ யூயூவும் அவர் குழுவும் என்ன செய்தார்கள்? பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். வைத்தியர்களைக் கேட்டார்கள். 2,000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்கள். அதில் காய்ச்சலுக்கு உதவக்கூடும் என்று தோன்றியவை 640.

இங்கே எதிரணி நண்பர்கள் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். (கைதட்டல்) நன்றி. கைதட்டியாச்சா? இப்போ மீதியைக் கேளுங்க.

சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் அதிகமான சாறுகளை எடுத்து மலேரியா பிடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தேறவில்லை. அத்தனையும் ஏட்டில் இருந்த மூலிகைகள்தான். பெரியவர்கள் சொன்ன மூலிகைகள்தான். எலி ஏடு படித்ததில்லையே! அதற்குச் சீன மருத்துவப் பெருமையும் தெரியாது, மரியாதையும் தெரியாது. மருந்து வேலை செய்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்துப்போகும். அவ்வளவுதான்.

அந்த மூலிகைகளில் ஒன்று சிங்ஹாவ். தாவரவியல்படி ஆர்ட்டெமிசியா என்ற இனத்துச் செடி. நம் பூக்கடையில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டும் மணமான மரிக்கொழுந்து இருக்கிறதே, அதுவும் அதே இனம். உறவு முறை சொன்னால் பெரியப்பா பிள்ளை. உடனே வீட்டில் போய் மரிக்கொழுந்தை அரைத்துக் குடித்துவிடாதீர்கள்! பெரியப்பா பிள்ளை கலெக்டர் என்பதற்காக நாம் கையெழுத்துப் போட முடியுமா? (சிரிப்பு)

இந்தச் சிங்ஹாவ் முதல் தடவை நல்ல பலன் காட்டியது. மறுபடி செய்தால் பலன் 12 சதவீதம், 40 சதவீதம் என்று இறங்கிப் போனது. ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் செய்யவில்லை. மற்றவர்களாக இருந்தால் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். இந்த அம்மா மறுபடி ஏட்டுக்குப் போனார்.

நாலாம் நூற்றாண்டில் கே ஹொங் என்ற மருத்துவர் அவசரகாலத்துக்கென்று ஒரு கைநூல் எழுதி வைத்திருந்தார். 1,600 ஆண்டுக்கு முந்தைய நூல். அதில் முறைக்காய்ச்சலுக்கு என்ன வழி சொல்லியிருந்தார் என்றால், ஒரு பிடி சிங்ஹாவை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைத் தூ யூயூ படித்துப் படித்துப் பார்த்தார். ஊறவைக்கச் சொல்கிறார், பிழியச் சொல்கிறார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே! மூலிகை என்றால் கஷாயம், கஷாயம் என்றால் அடுப்பு. இதுதானே வழக்கம்? இவர் ஏன் அடுப்பைப் பற்றவைக்கவில்லை?

இந்த இடம் ஆய்வாளரைவிட நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகப் புரியும். ரசத்தில் கொத்தமல்லித் தழையை எப்போது போடுவீர்கள்? இறக்கும்போது. முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். அதே சந்தேகம் அவருக்கு வந்தது. நாம் சூடு காட்டியே மருந்தைக் கொன்றுவிடுகிறோமோ? தண்ணீரையும் சாராயத்தையும் வைத்துக் காய்ச்சுவதை விட்டார். ஈதர் என்ற திரவத்தை எடுத்தார். அது சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலே போதும்! அந்த இளஞ்சூட்டில் சாறு எடுத்தார். அதில் நஞ்சாக இருந்த அமிலப் பகுதியைப் பிரித்து ஒதுக்கினார். இன்னொன்றும் கண்டார். மருந்து தண்டில் இல்லை, இலையில்தான் இருக்கிறது. சிங்ஹாவ் என்ற பெயரில் பழைய நூல்கள் பல செடிகளைச் சொன்னாலும், மருந்து நிறைந்தது அவற்றில் ஒரே ஒரு வகைதான்.

1971 அக்டோபர் 4. அன்றைக்குச் சோதித்த சாற்றின் எண் 191. எலியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி அடியோடு போயிருந்தது. நூற்றுக்கு நூறு. பிறகு குரங்குக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் நூற்றுக்கு நூறு. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் இப்போது துள்ளிக் குதிப்பார். "பார்த்தீர்களா, ஏட்டில் இருந்தது!" என்பார். ஐயா, இருந்தது. நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு கணக்குக் கேட்கிறேன். கே ஹொங் எழுதியது நாலாம் நூற்றாண்டில். சாறு எண் 191 வந்தது 1971இல். நடுவில் 1,600 ஆண்டு அந்த நூல் தொலைந்துபோய்விடவில்லை. வைத்தியர்கள் கையில்தான் இருந்தது. அந்த 1,600 ஆண்டும் சீனாவில் மலேரியாவும் இருந்தது, மக்கள் செத்துக்கொண்டும் இருந்தார்கள். ஏடு மட்டும் போதும் என்றால் அவர்கள் ஏன் சாக வேண்டும்?

இன்னொரு கேள்வி. பலித்த குறிப்பும் ஏட்டில்தான் இருந்தது. பலிக்காத நூற்றுக்கணக்கான குறிப்புகளும் ஏட்டில்தான் இருந்தன. எல்லாம் ஒரே மை. எல்லாம் ஒரே மரியாதை. எது மெய், எது பொய் என்று ஏடு தானாக எழுந்து வந்து சொல்லுமா? அந்தத் தீர்ப்பைச் சொன்னது எது? சோதனை. அதுதான் என் கட்சி.

சரி, எலி பிழைத்தது. மனிதனுக்கு? அதற்குக் கிலோக் கணக்கில் சாறு வேண்டும். புரட்சிக் காலத்தில் மருந்து தயாரிக்கும் ஆலைகள் மூடிக் கிடந்தன. என்ன செய்தார்கள் தெரியுமா? வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய பெரிய ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்து, அதில் ஈதரை ஊற்றி இலையை ஊறவைத்தார்கள். காற்றோட்டம் சரியில்லை. நல்ல பாதுகாப்பு இல்லை. அந்த ஆவியைச் சுவாசித்துச் சுவாசித்துத் தூ யூயூவுக்கே கல்லீரல் கெட்டது.

அடுத்து, மருந்தில் நஞ்சு இருக்கலாமோ என்று சந்தேகம் வந்தது. மலேரியா பருவம் போய்விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை உயிர் போகுமோ? 1972 ஜூலையில் தூ யூயூவும் உடன் வேலை செய்த இருவரும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நோயாளியாக இல்லை. "எங்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்" என்று. ஏற்கெனவே கல்லீரல் கெட்ட பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், சோதனை எலியின் இடத்தில் தன்னை வைத்தார். ஊருக்கு மருந்து சொல்கிறவர் உலகத்தில் ஆயிரம் பேர். முதல் மடக்கைத் தான் குடித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? (கைதட்டல்)

உடம்புக்குக் கேடில்லை என்று தெரிந்த பிறகுதான் ஹைனானுக்குப் போனார்கள். அங்கே 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது, ரத்தத்தில் கிருமி மறைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சாற்றிலிருந்து படிகமாக மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஆர்ட்டெமிசினின். அடுத்த ஆண்டு அதை மாத்திரையாக்கிக் கொடுத்தால் பலன் குறைந்தது! ஏன் என்று குடைந்தார்கள். மருந்து சரிதான், மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையவில்லை. தூளாக உறைக்குள் போட்டுக் கொடுத்தார்கள், பலித்தது. தோற்றால் விதி என்று சொல்லாமல், ஏன் தோற்றது என்று கேட்பதற்குப் பெயர்தான் ஆய்வு.

நடுநிலையாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இது ஒருவர் தனியாகச் செய்த வேலை இல்லை. அந்தத் திட்டத்தில் சுமார் 60 நிறுவனங்கள், 500க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இருந்தார்கள். யுன்னானிலும் ஷாண்டொங்கிலும் வேறு குழுக்கள் அதே மருந்தைத் தூய்மையாக எடுத்தன. லி குவோசியாவ் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் அதை விரிவாகச் சோதித்தார். 1977இல் மருந்தின் அமைப்பைக் கட்டுரையாக வெளியிட்டபோது தனியாள் பெயரே போடவில்லை. குழுவின் பெயர்தான். 2005இல் ஷாங்காயில் மலேரியா ஆய்வாளர்கள் கூடினார்கள். அங்கே லூயி மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், "இதை முதலில் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை! அவரும் சகாக்களும் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, இந்த அம்மாவின் பெயரைக் கொண்டுவந்தார்கள். 2011இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி தூ யூயூவுக்கு. மறுபாதியை யானைக்கால் போன்ற புழு நோய்களுக்கு மருந்து கண்ட கேம்பெல், ஓமுரா என்ற இருவர் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது அந்த அம்மாவுக்கு வயது 84. டாக்டர் பட்டம் கிடையாது. வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு கிடையாது. சீன அறிவியல் கழகத்தில் உறுப்பினர் பதவியும் கிடையாது. டாக்டர் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு திரிகிற என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் தலைகுனிய வேண்டிய இடம் இது. (சிரிப்பு)

எதிரணியினர் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. அவர்கள் போடும் முன் நானே போட்டுவிடுகிறேன். தூ யூயூ தம் நோபல் உரைக்கு வைத்த தலைப்பே, இந்த மருந்து சீன மரபு மருத்துவம் உலகுக்குத் தந்த பரிசு என்ற பொருளில்தான். உண்மை. பெரியவர்களிடம் பெற்றதைப் பெற்றேன் என்று சொல்லும் பண்பு அது. பரிசு தந்த குழுவினரோ, மரபு மருத்துவத்துக்குப் பரிசு தரவில்லை, அதிலிருந்து தூண்டுதல் பெற்று மருந்து கண்டவருக்கே தருகிறோம் என்று விளக்கினார்கள். இரண்டுக்கும் முரண் இல்லை. பாட்டி ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். பெட்டி பாட்டியுடையது. திறந்து, தங்கம் எது, பித்தளை எது என்று உரசிப் பார்த்தது பேத்தி. உரசாமல் கழுத்தில் போட்டுக்கொண்டால் பித்தளையும் சேர்ந்துதான் வரும்.

கடைசியாக ஒன்று. கதை முடியவில்லை. ஆர்ட்டெமிசினின் வேகமாகக் கொல்லும், ஆனால் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். மிச்சமிருக்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். அதனால் உடம்பில் நின்று வேலை செய்யும் இன்னொரு மருந்தையும் சேர்த்தே தர வேண்டும். ஒருவன் திருடனை விரட்டுகிறவன், இன்னொருவன் வாசலில் நின்று காவல் காப்பவன். 2006இல் உலக சுகாதார நிறுவனம் சாதாரண ஃபால்சிபேரம் மலேரியாவுக்கு இந்த மருந்தைத் தனியாகத் தராதீர்கள், சேர்த்துத் தாருங்கள் என்று சொன்னது. அந்தச் செடியின் இலையைத் தேநீராகப் போட்டுக் குடிப்பதையும் அது ஆதரிக்கவில்லை. அளவு தெரியாமல் குடித்தால் நோயும் தீராது, கிருமிக்கும் மருந்து பழகிவிடும். மெய்யாகவே பழகவும் தொடங்கிவிட்டது. முதலில் கம்போடியாவில், பிறகு ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் இந்த மருந்துக்கு மெதுவாகவே மடங்கும் கிருமிகள் வந்திருக்கின்றன. சீனா 2021இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. நம் பக்கத்து இலங்கை 2016இலேயே பெற்றது. ஆனாலும் 2023இல் மட்டும் உலகத்தில் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். அவர்களில் பெரும்பகுதி ஐந்து வயது நிறையாத குழந்தைகள். மருந்துக்குப் பழகிய இந்தப் புதுக் கிருமிக்குக் கே ஹொங்கின் நூலில் குறிப்பு இருக்க முடியாது. அவர் காலத்தில் அந்தக் கிருமி இல்லை. நாளைய பிள்ளைகளைக் காக்க இன்றைக்கு ஒருவர் ஆய்வுக்கூடத்தில் விழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லி வைத்ததும் நம் முன்னோர்தான். அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! சுரைக்காய் ஏட்டில் இருந்தது. 1,600 வருடம் அங்கேயே இருந்தது. அதைத் தேடிப் பறித்து, எந்த அடுப்பில் எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று கண்டு, முதல் கவளத்தைத் தான் உண்டு பார்த்து, பிறகு ஊருக்குப் பரிமாறியது ஆய்வு. பசித்தவன் வயிறு நிறைந்தது எதனால் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.